வெள்ளைத் துணி கேட்ட டாக்டர் துரை

பதுளைக் கடைவீதியில் இருந்த எங்கள் துணிக்கடைக்கு அந்த வெள்ளைக்கார டாக்டர் துரை அடிக்கடி வருவார். பட்டாளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த தம்பியோடு வந்து தங்கிவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியையும் அவரே பார்த்துக்கொண்டார். மதராஸ் சிப்பாய்களோடு பழகிக் கற்ற தமிழ் அவருடையது. முஸ்லிம் வியாபாரிகளை ஊரார் கூப்பிடுவதுபோல் என்னையும் 'நானா' என்றே கூப்பிடுவார். பர்மாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரைக்கும் சண்டைகளைப் பார்த்தவர், குண்டுகளுக்கு நடுவே ஓடிக் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்ததற்காகப் பதக்கம் வாங்கியவர் என்பதெல்லாம் தம்பித் துரை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவராக அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடியப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட மழைக்காலத்தில், ஒரு நாள் காலையில் வந்தார். உட்காரவில்லை.

"நானா, வெள்ளைத் துணி எவ்வளவு இருக்கு?"

"மூணு நாலு கட்டு இருக்கு தொரை. எத்தனை கெஜம் வேணும்?"

"எல்லாத்தையும் கட்டு. இன்னும் வரவழைச்சு வை."

மய்யித்துக்குக் கபனிட நாங்களும், பிணத்துக்குக் கோடி போர்த்தத் தோட்டத்தாரும் வாங்குகிற துணி அது. எனக்கு என்னவோ போலிருந்தது.

"தோட்டத்துல யாரும் மவுத்தாகிட்டாங்களா?"

"இன்னும் இல்லை" என்றார். "கொழும்புல காய்ச்சல் வந்திருக்கு. ரயில் ஏறி பண்டாரவளைக்கு வரும். அங்கிருந்து வண்டி ஏறி இங்கே வரும்."

நான் துணியை மடித்தேன். அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "தென்னாப்பிரிக்காவுல குண்டுல செத்தவனை விட காய்ச்சல்ல செத்தவன் அதிகம், நானா. குண்டு பட்டவனைத் தூக்கிட்டு ஓடலாம். காய்ச்சல்காரனைத் தூக்கிட்டு எங்கே ஓடுறது?"

அவர் போன பிறகு, தெருவில் யார் இருமினாலும் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். முதலில் பண்டாரவளை வண்டிக்காரர்கள் படுத்தார்கள். அப்புறம் பக்கத்துக் கடைக்காரர். இரண்டாவது முறை வந்த துணியை எடுத்துப்போக ஆள் கிடைக்காததால், நானே மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

மலையில் ஆள் நடமாட்டமே இல்லை. பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றி நின்றது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில், வீட்டுக்கு வீடு வாசலில் வெள்ளைத் துணி தொங்கியது. வண்டியை நிறுத்தினேன். தூரத்தில் நின்ற கங்காணியிடம், "இத்தனை வீட்டிலுமா சாவு?" என்று கேட்டேன்.

"சாவு இல்லீங்க, காய்ச்சல். துணிக்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு தொரை கட்ட வச்சிருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "செத்துட்டா அதையே அவுத்து, அதுலயே சுத்திக் கொண்டு போயிடறோங்க" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் துரை வெளியே வந்தார். வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்கேயே நில்லு, நானா. மூட்டையை இறக்கிட்டுப் போ. வீட்டுக்குப் போனாலும் தனியா இரு."

"உங்களுக்கும் காய்ச்சலா தொரை?"

"ஆமா" என்றார், வேறு யாருக்கோ வந்ததைச் சொல்வதுபோல. அவருக்குப் பின்னால் அவருடைய அறை வாசலிலும் வெள்ளைத் துணி தொங்கியது.

திரும்பி வந்து கடையின் பின்கட்டில் தனியாகக் கிடந்தேன். என் மனைவி சோற்றை வாசலில் வைத்துவிட்டு விலகிப் போவாள். வீட்டுப் பக்கம் பிள்ளைகளின் குரல் கேட்காத நேரமெல்லாம் எழுந்துபோய்க் கதவில் காதை வைத்துக் கேட்பேன். அல்லாஹ்வின் கிருபையால் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

மழை விட்ட பிறகு கங்காணி பதுளைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"தொரை போயிட்டாருங்க. தம்பித் தொரை படுக்கையில. பொட்டி செய்ய ஆசாரி இல்ல. நம்ம ஆளுங்க மாதிரியே சுத்தி, எந்திரிச்சு நிக்க முடிஞ்சவங்க சேர்ந்து தூக்கிட்டுப் போனோம். கடைசி வரைக்கும், லயத்துல இன்னைக்கு யார் யாரு கஞ்சி குடிச்சாங்கன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

சொல்லி முடித்ததும் அவருக்கு இருமல் வந்தது. என்னை அறியாமலே ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அவர் அதைப் பார்த்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.