பரீட்சை முடியும்வரை

உத்திரமேரூர் சாலையில், எங்கள் வயலுக்கு எதிரே ஒரு பழைய நெல் கிடங்கு. இலங்கையிலிருந்து வந்தவர்களை அதில்தான் வைத்திருந்தார்கள். குறுக்கே புடவைகளைக் கட்டி, தடுப்புக்கு ஒரு குடும்பம்.

வேர்க்கடலை பிடுங்க ஆள் கிடைக்காத ஒரு வருஷம், அங்கிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். என் வயதுதான். நிலத்தை விட்டு வரமாட்டேன் என்று கணவன் மன்னாரிலேயே தங்கிவிட, மகளோடு படகேறி வந்தவள். கொல்லையில் சேர்ந்து உட்கார்ந்து கடலை ஆய்ந்ததில் சிநேகிதமானோம்.

மகள் எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாவது படிக்கும்போது, சண்டை ஓய்ந்துவிட்டது, கப்பலில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சேதி வந்தது. கிடங்கில் ஒரே ஆரவாரம். என் சிநேகிதி மட்டும் முகம் வாடி என்னிடம் வந்தாள்.

"அக்கா, பிள்ளை சோதினை எழுதி முடிக்கட்டும். நான் போய் வீட்டைப் பாத்துப்போட்டு வந்து கூட்டிக்கொண்டு போறன்."

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "இன்னாம்மா யோசிக்கிற? நல்லா படிச்சிக்கினு கீது பொண்ணு. நம்ம வூட்லயே இருக்கட்டும்."

தாயை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியபோது மகள் அழவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

பரீட்சை முடிந்தது. நல்ல மார்க்கில் தேறினாள். அதற்குள் அங்கே மறுபடியும் சண்டை மூண்டுவிட்டது; போக்குவரத்து நின்றுபோனது. நர்ஸ் படிப்புக்கு அழைத்துப் போனோம். இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு புதிதாக அகதிகள் வந்திறங்கினார்கள். அதில் மன்னார்க்காரர் ஒருவர் விவரம் சொன்னார். வீடு தரைமட்டம், தகப்பன் உயிரோடு இல்லை, தாய் ஒரு மாதா கோயிலில், நூறு பேரோடு பாயில் படுத்திருக்கிறாள்.

"சொந்த ஊரிலயும் அகதியா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அடுத்த வருஷமே கிடங்கிலிருந்த ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடிபோனாள். எங்கள் வீட்டிலேயே இருக்கும்படி எவ்வளவோ கெஞ்சினேன்.

"நீங்க நல்லாத்தான் பாத்தீங்கள் மாமி," என்றாள். "ஆனா அண்டைக்கு நானும் போயிருந்தா, எந்த முகாமெண்டாலும் அம்மாவுக்குப் பக்கத்தில இருந்திருப்பன்."

அவளுடைய முதல் குழந்தை அந்தப் புடவைத் தடுப்புக்குள்தான் பிறந்தது. போய்ப் பார்த்தேன். குழந்தை முகத்தில் என் சிநேகிதியின் சாயல் அப்படியே இருந்தது. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.