கம்பளிக்குள் தெரிந்த நீலப் பொறி

எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகத் திருக்கோவிலூரில் பிறந்தார் அக்கா. அப்பா சீக்கிரமே போய்விட்டதால், தன் படிப்போடு என் படிப்பையும் சேர்த்துச் சுமந்தார். கணக்கு ஆசிரியையாகி, கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டார். பிள்ளை இல்லை என்ற குறையை அவர் ஒருநாளும் பேசியதில்லை. மாமா மறைந்தபோது அவர் விட்டுச் சென்றது ஒரு பழைய பெட்ரோல் கார். விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னோம். அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு மெக்கானிக்கைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு பகல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

வெள்ளிமலையில் அக்காவின் பழைய மாணவி ஒருத்திக்குக் கல்யாணம். அந்தக் காரில்தான் குடும்பத்தோடு போயிருந்தோம். தாலி கட்டி முடிந்த நேரத்தில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அப்போது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. அக்கா அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாதா வலி இல்ல. கெளம்புங்க” என்றார். செல்போனில் சிக்னல் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அக்காதான் ஓட்டினார்.

மலை இறங்குவதற்கு முன்னால் ஒரு ஏற்றம் உண்டு. அதில் கார் உதறத் தொடங்கியது. பாதி ஏற்றத்தில் மேலே போக மறுத்து, நின்ற இடத்திலேயே குலுங்கியது. பின்சீட்டில் என் மனைவியின் மடியில் மகள் முனகிக்கொண்டிருந்தாள்.

“மிஸ்ஸிங் அடிக்கிதுடா. ஏதோ ஒரு சிலிண்டரு எரியல” என்று சொல்லி அக்கா இறங்கினார்.

“பெட்ரோல்ல தண்ணி பூந்திருக்கும்க்கா! இல்லன்னா பிளக்கு! எதுனா ஒன்ன மாத்துக்கா!”

“இன்னான்னு தெரியாம எத்த மாத்துறது? நீ கம்முனு பானெட்டத் தூக்கு.”

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். இஞ்சினை ஓடவிட்டு, காய்ந்த துணியைக் கையில் நன்றாகச் சுற்றிக்கொண்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றியதும் இஞ்சின் இன்னும் அதிகமாகத் தள்ளாடியது. “இது வேல செய்யிது.” இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. “செத்துக் கெடக்கறது இதான்.”

“அப்ப அந்த பிளக்க மாத்துக்கா!”

இஞ்சினை அணைத்து, அந்த பிளக்கைப் பக்கத்து இடத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். அப்போதும் மூன்றாவதுதான் செத்திருந்தது. அப்படியென்றால் பிளக் நன்றாக இருக்கிறது.

“யக்கா, உள்ள புள்ள துடிக்கிறா, நீ பரிச்ச வெச்சிக்கினு நிக்கிறியே!”

“கத்துனா வண்டி போவுமாடா? போவும்னா சொல்லு, நானும் கத்துறேன்.” என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு, “எனக்கு இருட்டு வேணும்” என்றார்.

நட்டநடுப் பகலில் இருட்டுக்கு எங்கே போவது? சாலையோரக் குடிசை வாசலில் ஒரு அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றிருந்தார். “எம்மா, அந்தக் கம்பளிய கொஞ்சம் குடுக்கறியா?” என்று அக்கா கேட்டார். எதற்கு என்று கேட்காமலே அவர் கழற்றிக் கொடுத்தார். ஃபேனில் சிக்காதபடி அதை பானெட் மேலிருந்து தொங்கவிட்டு, அக்கா உள்ளே தலையை விட்டார்.

“தம்பி, வா. வந்து பாரு.”

நானும் நுழைந்தேன். புகை வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்த இருட்டு. அதற்குள் மயிரிழை அளவுக்கு ஒரு நீல வெளிச்சம் சொடுக்குச் சொடுக்காகத் தெறித்தது. ஒயரின் தோல் இஞ்சினில் உரசித் தேய்ந்த இடம் அது. ஈரத்தில் மின்சாரம் அந்த வழியாகவே இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. என் பயம் ஒரு கணம் என்னை விட்டுப் போய்விட்டது. அத்தனை பெரிய வண்டியை நிறுத்தி வைத்திருந்தது அத்தனை சிறிய ஒளி.

“உள்ள போவ வேண்டியது வெளியில ஓடிக்கினு இருக்குது பாத்தியா?” அக்காவின் குரலில் சந்தோஷம் இருந்தது.

இஞ்சினை அணைத்து ஒயரைத் துடைத்தார். டிக்கியில் கிடந்த சைக்கிள் டியூப் துண்டை அதன்மேல் இறுக்கிச் சுற்றினார். “பாப்பா, ஒன் ரிப்பனக் குடுடி கண்ணு.” வலியோடு மகள் அவிழ்த்துக் கொடுத்த ரிப்பனால் ஒயரை இரும்பிலிருந்து விலக்கிக் கட்டினார். கார் ஒரே சீராக ஓடியது. கம்பளியை என் மகள்மேல் போர்த்திவிட்டு மலை இறங்கினோம். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாகவும் இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றும் மருத்துவர் சொன்னார். அதே மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

கம்பளியைத் துவைத்து எடுத்துக்கொண்டு அக்கா மறுபடியும் மலையேறினார். அன்று தொடங்கிய நட்பு அவர்கள் இருவருக்கும் கடைசிவரை இருந்தது.

பல வருடங்கள் கழித்து, அக்காவின் இதயத்துடிப்பு தடுமாறுவதாகச் சொல்லி மருத்துவமனையில் சேர்த்தோம். நான் வழக்கம்போல் எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தேன். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, “மிஸ்ஸிங்குதான். மாத்திப் பாக்க ஸ்பேர் இல்லையேடா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

இறுதிச் சடங்கில் பிறந்த வீட்டுக் கோடி போட நான் புதுச்சேலையோடு நின்றபோது, அந்த மலை அம்மாள் கம்பளியோடு வந்தார். சித்தப்பா தடுத்தார்: “கோடின்னா புதுசு போடணும்மா. பழசப் போடக் கூடாது.”

“புதுச நீங்க போடுங்க சாமி. இது அவங்களே வாயால கேட்டு வாங்குனது.”

“அவங்க போடட்டும் சித்தப்பா” என்றேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், திருக்கோவிலூரிலிருந்தும் வடக்கனந்தலிலிருந்தும் ஓடி வந்து தோள் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்த அம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கம்பளி முகம் வரை ஏறியபோது என் மகள், “அத்தைக்கு உள்ள இருட்டா இருக்குமேப்பா” என்று அழுதாள்.

அந்த இருட்டுக்குள் ஒருமுறை நான் அக்காவோடு நின்றிருக்கிறேன். அங்கே என்ன தெரியும் என்று அவளுக்குச் சொன்னேன்.