நாச்சியார் மாற்றிய பேஸ்ட்டுகள்

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், பேஸ்ட் எது வாங்குவது என்று முழித்து நின்றால் போதும், அங்கே விற்பனைக்கு நிற்கும் நாச்சியார் ஓடி வந்துவிடுவாள். "தண்ணி பட்டா கூசுதா சேச்சி? சென்சிட்டிவ் எடுங்க. ரெண்டு வாரம் விடாம தேய்க்கணும், கேட்டோ. கரி பேஸ்ட் வேண்டாம், பல்லை அராவிரும். பிள்ளைக்கா? பட்டாணி அளவு போதும்." வாய் ஓயாது. ஆனால் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். முன்பல் பாதி உடைந்திருந்தது.

உடைத்தவன் புருஷன் தங்கபாண்டி. வள்ளியூரிலிருந்து கட்டடங்களில் சென்ட்ரிங் வேலைக்கு வந்தவன். சோறு குழைந்தால் ஒரு அறை, குழையாவிட்டால் இரண்டு. முடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதுவான். ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தால், "ஒனக்கு பல்லுல உறுதி இல்லட்டீ, நல்ல பேஸ்டா வாங்கித் தேயி" என்று உபதேசம் வேறு! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? இவளும் அதை நம்பித் தொலைத்தாளே, அதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேஸ்ட் மாற்றினாள். உப்புப் போட்டது, கிராம்பு போட்டது, ஈறுக்கு என்று தனியாக வருவது. விரிசல் விட்ட பல்லுக்கு எந்தப் பேஸ்ட் கேட்கும்?

அடி தன்னோடு போகட்டும், மகள் அஜிதா மேல் அவன் கை படாமல் இருந்தால் சரி. அதற்காகத்தான் அத்தனையும் தாங்கிக்கொண்டு கிடந்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து ஆரியசாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அஜிதா வந்து கேட்டாள். "அம்மா, எனக்கும் சென்சிட்டிவ் பேஸ்ட் வேணும். பல்லு கூசுது."

நாச்சியார் தாடையைத் தூக்கிப் பார்த்தாள். உதடு வீங்கியிருந்தது. போன வருஷம் முளைத்த முன்பல் குறுக்கே உடைந்திருந்தது.

"எப்படி மக்ளே?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்."

நாச்சியார் பல் டாக்டரிடமும் கடையிலும் சொல்லிவந்த அதே பொய். பிள்ளையின் கண் கட்டிலில் கிடந்த தங்கபாண்டியிடம் போய்த் திரும்பியது.

நாச்சியார் நேரே அடுக்களைக்குப் போனாள். இஞ்சி தட்டுகிற இரும்பு உலக்கையை எடுத்தாள். "பிள்ளையத் தொட்டியாலே?" முதல் அடி தோளில் விழுந்தது. அவன் பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான். மூச்சு முட்டியது, கண் இருட்டியது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவன் வாயில் ஓங்கிப் போட்டாள். "அய்யோ, கொல்லுதாளே!" என்று முட்டி போட்டு விழுந்தான். உள்ளங்கையில் ரத்தமும் பல்லும். அப்பவும் விட்டாளா? முழங்கையில் இன்னொன்று. அஜிதா இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறிய பிறகுதான் கை நின்றது.

அக்கம்பக்கத்தார் கூப்பிட்டு போலீஸ் வந்தது. எஸ்.ஐ. கேட்டதும் நாச்சியார் வாயைப் பொத்தாமல் சொன்னாள். "நான்தான் அடிச்சேன் சாரே. என்னை எத்தனையோ தடவை அடிச்சான், பொறுத்தேன். இன்னைக்கு முதல் தடவையா என் பிள்ளை மேல கை வச்சுட்டான்."

அஜிதா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"முதல் தடவை இல்லம்மா. நீ கடைக்குப் போனா தினமும் அடிப்பாரு."