மூடி நிற்காத பொனற்

அனிஸ்ரன் சித்தப்பா இந்த வருசம் சித்திரையில் ஒரு புதுப் பிக்கப் வாங்கினார். முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, வவுனியாச் சந்தைக்குக் கொண்டுபோவது அவருடைய தொழில். நாற்பத்தாறு வயதுவரை அவர் ஓடியதெல்லாம் மற்றவர்களுடைய வண்டி, இல்லாவிட்டால் மூன்று பேர் ஓடித் தேய்த்த வண்டி. சீற்றில் பொலித்தீன் உரிக்காத வண்டியில் அவர் ஏறி இருந்தது அதுதான் முதல்முறை.

வாங்கிய மாதமே சோடிக்கத் தொடங்கினார். முன்னுக்குக் கனத்த இரும்புக் காவல்கம்பி. மீன்தண்ணி ஊறாமல் பின்தட்டில் றப்பர் விரிப்பு. கூரையில் கரியர். முன்கண்ணாடியில், பாதையையும் வண்டியின் உள்பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடிக்கிற கமரா.

“விபத்தெண்டால் சாட்சி வேணும் பிள்ளை,” என்றார் என்னிடம். “இந்த ரோட்டில மாடுகூடப் பொய் சொல்லும்.”

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா. என் சித்தி றஞ்சனியையும் பதினொரு வயது மகள் பிரேமினியையும் அந்த வண்டியில் மடுவுக்குக் கொண்டுபோய், சுவாமியாரைக் கொண்டு வண்டியை மந்திரிப்பது என்று அவர் நேர்ந்திருந்தார். ஆனால் எஞ்சினுக்கு மேலிருக்கும் பொனற் மூடி நிற்கவில்லை.

பொனற் சரியாகப் பூட்டவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியும். சித்தப்பா இறங்கிப் போய் இரண்டு கையாலும் அமத்துவார். அணைந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் திரும்ப எரியும். ஆனியில் எல்லோருமாக வவுனியாவுக்கு உடுப்பு எடுக்கப் போனபோது, கனகராயன்குளம் தாண்டியதும் பொனற் ஒரு சாண் உயர்ந்து காற்றில் படபடத்தது. இரண்டாவது கொளுக்கி பிடித்ததால்தான் அது கண்ணாடியில் வந்து அடிக்கவில்லை. சித்தி பிள்ளையை இறக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றார்.

“இது சரிவருமட்டும் நானும் பிள்ளையும் ஏறமாட்டம். மடுவுக்கு பஸ்ஸில போறம்.”

அவர்கள் இருவரும் அங்கிருந்து பஸ் ஏறியபோதும் சித்தப்பா பொனற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

வவுனியாவில் யோகநாதன் என்ற மெக்கானிக்கிடம் வண்டி மூன்று தரம் போனது. முதல்தரம் அவர் காவல்கம்பியைக் கழற்றிப் பார்த்தார். “அண்ணை, இன்னும் ரெண்டு சாமான் பூட்டினால் வண்டி இருக்கிறதே தெரியாது,” என்று சிரித்தார். இரண்டாம்தரம் பூட்டின் ஆணிகளைத் தளர்த்தி, நேராக்கி, கிறீஸ் பூசினார். கேபிளையும் மாற்றினார். மூன்றாம்தரம், வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துச் சொல்ல என்னையும் சித்தப்பா கூட்டிக்கொண்டு போனார். அதில் சொன்ன எல்லாமே செய்து முடிந்திருந்தன.

யோகநாதன் தானே வண்டியை எடுத்து ஓடினார். ஓமந்தைவரை போய்த் திரும்பினார். விளக்கு எரியவில்லை.

“நான் ஓடினால் வாயை மூடிக்கொண்டு இருக்குது. உங்களைக் கண்டால்தான் இளிக்குது.”

“பகிடியை விடும். பிழையைப் பிடியும்.”

“கமரா இருக்குதெல்லே. எந்த வேகத்தில தூக்குதெண்டு பாப்பம்.”

கமராவில் இருந்ததை அவர் மேசையில் இருந்த கணினியில் போட்டார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். அன்று காலை முல்லைத்தீவில், நான் ஏறமுன் எடுத்தது. சித்தப்பா திறப்பைத் திருப்புகிறார். பெல்ற் போடுகிறார். பிறகு வலத்தோள் சரிகிறது. கை கீழே, பொனற் திறக்கும் பிடி இருக்கிற இடத்துக்குப் போகிறது. ‘டக்’ என்று சத்தம். கண்ணாடியூடாக முன்னால் பார்த்து அவர் சொல்கிறார்:

“இழுத்திட்டன்ரா. தூக்கிப் பார்.”

முன்னால் யாரும் இல்லை.

யோகநாதன் முந்தின நாளைப் போட்டார். அதற்கு முந்தின நாளையும் போட்டார். ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் ஏறமுன் அதே தோள், அதே சத்தம், அதே சொல். சொன்ன பிறகு அவர் முகம் பதிலுக்குக் காத்திருந்தது. சில நாட்களில் அது நீண்ட நேரம் காத்திருந்தது.

“இது நானில்லை,” என்றார் சித்தப்பா.

யோகநாதன் திரையை அணைத்து, கதிரையை இழுத்து அவரை இருத்தினார்.

பிறகுதான் சித்தப்பா கதைத்தார். இரண்டாயிரத்து ஒன்பது மாசியில், கடைசிச் சண்டைக்குள், இரணைப்பாலைப் பக்கம், சனத்தை ஏற்றிய ஒரு பழைய பிக்கப்பை அவர் ஓடிக்கொண்டிருந்தார். எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பொனற் திறக்கவில்லை. அவருடைய தம்பி துசியந்தன் நெம்ப அலவாங்கோடு முன்னால் நின்றான். இவர் உள்ளே இருந்து பிடியை இழுத்தார்.

“கேபிள் அறுந்தது எனக்குக் கையில தெரிஞ்சது. சும்மா வந்தது. ஆனால் நான் இழுத்திட்டன், தூக்கிப் பார் எண்டனான். அறுந்திட்டுது எண்டு சொல்லியிருந்தால் அவன் விட்டிட்டுப் பதுங்கப் பங்கருக்குப் போயிருப்பான். அதிலயே நிண்டு நெம்பினான். செல் வந்து விழுந்து வெடிச்சது.”

“பிடியைக் கழட்டி வேறை இடத்தில பூட்டி விடவோ அண்ணை?”

“வேண்டாம். கை தேடிக்கொண்டு போகும்.”

திரும்பும்போது யோகநாதன் பொனற்றை அமத்திவிட்டார். வீடு இருக்கிற தண்ணீரூற்று வரும்வரை சித்தப்பா வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓடினார். சித்தியிடம் கேபிள் மாற்றியாயிற்று என்று சொல்லிவிடுவார் என்றே நான் நினைத்தேன். அவர் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சித்தி அவரைக் கட்டியது சண்டை முடிந்து மூன்று வருசத்துக்குப் பிறகு. துசியந்தனை அவர் படத்தில்தான் கண்டிருக்கிறார். செல்பட்டுச் செத்தவர் என்பது மட்டும் தெரியும்.

“வண்டியில பிழையில்லை,” என்றார் சித்தப்பா. “நீங்கள் பஸ்ஸிலயே போங்கோ.”

சித்தி அடுப்பை அணைத்தார். “நாளைக்குச் சொல்லுறன்,” என்றார். மறுநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

மடுவுக்குப் போகிற காலை, பாயும் சட்டிபானையும் கட்டிக்கொண்டு சித்தி பிள்ளையோடு வந்து வண்டியில் ஏறினார். அவர் முன்னுக்கு. நானும் பிரேமினியும் பின்சீற்றில். சித்தப்பா இறங்கிப் போய் பொனற்றை அமத்தி, தட்டிப் பார்த்து வந்தார். திறப்பைத் திருப்பினார். பெல்ற் போட்டார். தோள் சரிந்தது.

“இஞ்சேருங்கோ,” என்றார் சித்தி.

கை பிடியில் நின்றது. சித்தப்பா முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிக்கிறானப்பா,” என்றார்.

“எங்க?”

“முன்னுக்கு.”

சித்தி கண்ணாடியூடாகப் பார்த்தார். வெள்ளைப் பொனற், அதற்கப்பால் வேலி, பனை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். வண்டிக்கு முன்னால் போய், ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றார்.

“தம்பி, வண்டி பழுதில்லை. நாங்கள் மடுவுக்குப் போறம். வெயிலுக்கை நிக்காமல் வாங்கோ. பின்னுக்கு இடமிருக்கு.”

பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பிரேமினி என்னைப் பார்த்தாள். என் பக்கமாக ஒதுங்கினாள். சித்தி கதவைச் சாத்திவிட்டு வந்து ஏறினார்.

சித்தப்பா இரண்டு கையையும் ஸ்ரேறிங்கில் வைத்தார். மாங்குளம் தாண்டும்வரை அவர் பின்கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. தாண்டிய பிறகு ஒருமுறை பார்த்தார். பிரேமினி கேட்டாள்:

“அப்பா, யன்னலைத் திறக்கட்டே? இந்தப் பக்கம் இருக்கிறவருக்கு வேர்க்குமெல்லே.”

“திற பிள்ளை,” என்றார்.