வெறுங்காலுக்கு ஒரு டிலே பெடல்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்துப் பாமசியில் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கும் சஞ்சீவனியை எல்லோருக்கும் தெரியும். சனி, ஞாயிறுகளில் சேலை கட்டிக்கொண்டு கல்யாண மேடையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவளும் அவள்தான் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அண்ணன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன கிட்டார் அது. லீவில் வந்து அவன் திருப்பிக் கேட்டபோது, "நீ போட்ட கம்பி ஒண்ணுகூட இப்ப இதுல இல்ல. பிறகு எப்படி உன் கிட்டாராகும்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அவள் வாசிப்பது பளீல் நானாவின் இசைக்குழுவில். நானா கீபோர்ட்காரர், குழுவும் அவருடையது, வேனும் அவருடையது. அவர் புதிதாக வாங்கிய கீபோர்டில் கிட்டார்ச் சத்தமும் இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி," என்றார் ஒத்திகையில். "ஒங்கட கிட்டார் தனியா கேக்க நல்லாத்தான் ஈக்கி. பாட்டுக்குள்ள போனா மெலிஞ்சு போகுது. இதுல அடிச்சா மண்டபமே நெறஞ்சு நிக்குது. கோயில் திருவிழா வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படித்தான்னா கிட்டார் பாகத்தையும் நானே வாசிச்சுக்கிறேன்."

அதாவது, வேனில் அவளுக்கு இடமில்லை.

டிரம்ஸ் வாசிக்கும் பஹீம் இரக்கப்பட்டுத் தன்னிடம் கிடந்த, கிட்டார்ச் சத்தத்தை விதவிதமாக மாற்றும் பெரிய எஃபெக்ட்ஸ் பலகையைக் கொடுத்தான். பலகை நிறையப் பட்டன்கள், நடுவே ஒரு சின்னத் திரை. சேலைக் கொசுவம் அதன்மேல் விழுந்தால் திரையும் தெரியாது, பட்டனும் தெரியாது. ஒன்றை மிதித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கியது. காதல் பாட்டுக்கு நடுவே இடி இடித்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகுதான் கண்டி டவுனில் அந்தச் சின்ன டிஜிட்டல் டிலே பெடலை வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்கும் இரும்புப் பெட்டி. மிதிக்க ஒரு சுவிட்ச், திருக மூன்று குமிழ்கள். அவ்வளவுதான்.

"டிலேன்னா லேட்டாகுறதுதானே?" என்றான் கணவன் சுதேஷ். "கண்டி பஸ்ஸுல ஏறுனா அது சும்மாவே கெடைக்குமே."

"பஸ் ஒருதரம்தான் லேட்டாகும். இது நான் அடிச்சதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். மலையில நின்னு கூப்பிட்டா கேக்குமே, அப்படி."

ஒரு குமிழ், திரும்பி வரும் சத்தம் எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்பதற்கு. அடுத்தது எத்தனை தரம், கடைசி எவ்வளவு உரக்க. படிக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. திருகினால் உடனே காதுக்குத் தெரிந்தது. ஒல்லியாக இருந்த கிட்டார் வீட்டுக் கூடத்தை நிறைத்தது. குறையும் இருந்தது. பிடித்த அமைப்பை அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளாது. எடையில்லாததால் மிதிக்கும்போதெல்லாம் வழுக்கி ஓடியது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி அடியில் ஒட்டினாள். ஓட்டம் நின்றது.

ஆனால் கண்டி ஹோட்டல் கல்யாணத்தில் அந்தப் பெட்டி அவள் மானத்தை வாங்கியது. பாட்டுக்கு நடுவே ஷூஸ் முனையால் ஒரு குமிழைத் தள்ளினாள். மூன்றும் சேர்ந்து திரும்பின. அடித்த ஒரு சுரம் நிற்காமல் திரும்பத் திரும்ப வந்து பெருகியது. மணப்பெண் மேடையேறுவதை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"பெட்டி நல்ல பெட்டிதான்," என்றார் நானா, வேனில் ஏறும்போது. "ஒங்களுக்குத்தான் சரிவராது."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். சட்டைப் பொத்தான் அளவுக் குமிழை வைத்தவன், வாசிப்பவளுக்குக் காலும் உண்டு என்பதை மறந்துவிட்டான் போல. ஆனால் அதே பெட்டி வீட்டில் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லையே. இதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

திருவிழா வந்தது. கோயில் முற்றத்தில் மேடை. எல்லோரும் வாசலிலேயே காலணிகளைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். இரண்டு பாட்டுகள் ஒழுங்காகப் போயின. அப்போது கோயில் கமிட்டித் தலைவர் காளிமுத்து மேடையோரம் வந்து பஹீமிடம் சொன்னார்:

"தம்பி, சாமி வீதிக்குக் கெளம்பணும். சட்டுனு முடிங்க."

ஒரு பாட்டைக் குறைக்கத்தான் அவர் சொன்னார். பஹீமுக்கோ, வேகமாக வாசிக்கச் சொன்னதாகப் பட்டது. ஒத்திகையில் நடந்துபோன பாட்டு ஓட்டமெடுத்தது. சஞ்சீவனியின் டிலே மட்டும் பழைய நடையிலேயே வந்தது. தாளம் ஒரு பக்கம், எதிரொலி ஒரு பக்கம். நானாவின் கை கீபோர்டின் கிட்டார்ப் பட்டனை நோக்கி நகர்வதைக் கண்டாள்.

குனிய நேரமில்லை. கால் தானாகவே போனது. கொசுவத்துக்குள், கண்ணுக்குத் தெரியாமல், பெருவிரலும் மெட்டி போட்ட விரலும் முதல் குமிழைக் கிள்ளிப் பிடித்தன. வீட்டில் செய்வதும் இதைத்தான். வீட்டில் யார் ஷூஸ் போட்டுக்கொண்டு கிட்டார் வாசிக்கிறார்கள்? மெல்லத் திருகினாள். எதிரொலி ஒரு கணம் சுருதி வழுக்கி, மேலே எகிறி, பஹீமின் அடியோடு சேர்ந்துகொண்டது.

கூட்டம் அதை அவளுடைய வித்தை என்றே நினைத்தது. முன்வரிசைப் பெடியன்கள் விசிலடித்தார்கள். அடுத்த சரணத்தில் வேண்டுமென்றே இன்னொரு தரம் வழுக்கவிட்டாள். முற்றம் முழுக்கக் கைதட்டியது. பஹீம் இன்னும் வேகத்தைக் கூட்டிப் பார்த்தான். காலால் அவனையும் எட்டிப் பிடித்தாள். நானா கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். காளிமுத்து மட்டும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சாமி ஒரு பாட்டு தாமதமாகத்தான் வீதிக்குக் கிளம்பியது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஹோட்டல் கல்யாணம். சஞ்சீவனி ஷூஸைக் கழற்றி ஸ்பீக்கருக்குப் பின்னால் தள்ளினாள்.

"தங்கச்சி, வீடியோவுல வெறுங்கால் விழுமே," என்றார் நானா.

"விழட்டும் நானா. அதுதானே வாசிக்குது."

"அப்ப கைக்கு என்ன வேலை?"

"கை ஒங்களுக்குத் துணைக்கு."

நானா சிரித்துக்கொண்டே தன் கீபோர்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மேடையின் நடுவிடத்தை அவளுக்கு விட்டார். அவள் பெட்டியை அங்கே வைத்து, சுவிட்சை மிதித்தாள்.