ராமுவை நைனா என்று அழைத்தவர்

காலை ஆறே முக்காலுக்கு நம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ‘நம்ம இஸ்திரி ஏழுமலை நேத்து சாயங்காலம் தவறிட்டாராம். மாரடைப்பு.’ அதற்கு அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். எட்டுப் பத்துக் கைகளுக்குப் பிறகு ஒருவர், ‘என் ரெண்டு பட்டுப்புடவை அவர் வண்டியில இருக்கு, சாவி யார்கிட்ட?’ என்று கேட்டிருந்தார். யாரென்று சொல்ல மாட்டேன். திட்டவும் மாட்டேன். என் மனதில் முதலில் எழுந்தது அதைவிட மோசமானது. ‘இனிமேல் ராமு எனக்கு மட்டும்தான்’ என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு நம் தெருச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். “மாத மடலுக்கு ஏழுமலையைப் பத்தி நீங்கதான் ஒரு பக்கம் எழுதணும் டீச்சர். உங்க நாயை வளர்த்ததே அவர்தானே?” என்றார். துக்கத்துக்கு நடுவிலும் எனக்குச் சுருக்கென்றது. ராமுவை வளர்த்தது நான். நாற்பத்தைந்து நாள் குட்டியாக ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, பால் புகட்டி, தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்று செருப்பையும் ஒரு சோபாவையும் பலி கொடுத்து வளர்த்தவள் நான். ஏழுமலை செய்ததெல்லாம் எதிரே புங்கமரத்தடியில் இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றதுதான்.

ஆனால் ராமு அப்படி நினைக்கவில்லை. ராமு என்று நான் மூன்று முறை கூப்பிட்டால் ஒரு காது அசையும். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலை ஒரு முறை, “இன்னா நைனா!” என்றால் போதும், முழு உடம்பும் எழுந்து கேட்டை முட்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “நாய்க்கு ஒரு பேர்தான் இருக்கணும் ஏழுமலை. ரெண்டு பேர் வெச்சா குழம்பிடும்” என்றேன். துணியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுக்காமலே சொன்னார்: “வூட்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு, வண்டியாண்ட ஒண்ணு, எனக்கே மூணு பேரு கீது மா. நான் இன்னா, கொயம்பியா பூட்டேன்?” எல்லோரையும் ஒருமையில்தான் பேசுவார்; மரியாதைக்குப் பின்னால் ஒரு ‘மா’ வரும். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக வேலை பார்த்த நான் அன்று அந்த மூன்று பேரையும் விரலில் எண்ணிக்கொண்டே உள்ளே போனேன்.

அவர் பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். அதை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி மந்தைவெளியில் நம் தெருவுக்கு வந்தார். அங்கேயே தொழில் செய்யக் கூடாதா என்று பலர் கேட்டிருப்பீர்கள். “எட்டாவது மாடிக்கு எவன் மா துணிய தூக்கிகினு வருவான்? லிஃப்டு நின்னா நானே எறங்க மாட்டேன்” என்பார். எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. அவர் என் நாய்க்காகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பொறாமைக்காரியின் புத்தி அப்படித்தான் போகும்.

ராமுவுக்கு ஒன்பது வயதானபோது பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்தது. அடையாறில் ஒரு டாக்டர் அறுவை சிகிச்சை செய்தார். முதல் மூன்று நாள் ஐஸ் ஒத்தடம், அதற்குப் பிறகு இளஞ்சூட்டு ஒத்தடம், வேளைக்குப் பத்து நிமிடம் என்று எழுதிக் கொடுத்தார். ஐஸ் வைக்கும்போதே ராமு என்னைப் பார்த்து உறுமினான். நாலாம் நாள் வயிற்றுக்கு அடியில் துண்டு கொடுத்துத் தாங்கி, ஒன்றுக்கு விட வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஏழுமலை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். “ஒத்தடம்தான? அது நம்ம வேல மா” என்று என் பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் அதைச் செய்த விதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? துணியை நாலாக மடித்து, கரிப்பெட்டியை அதன்மேல் ஒரு தடவை இழுப்பார், அழுத்த மாட்டார். மடிப்பைத் திருப்பி உள்பக்கம் வெளியே வரும்படி மறுபடி மடிப்பார். உடனே நாயிடம் போக மாட்டார். தன் கழுத்தில், காதுக்குக் கீழே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். “கை பொய் சொல்லும் மா. கயுத்து சொல்லாது” என்பார். இன்னொரு நாள் சொன்னார்: “துணிக்கு சூடு புடிக்கும், தோலுக்கு புடிக்காது. நடுவுல நம்ம கீறோம்.” அவர் துணியை வைத்ததும் ராமு கண்ணை மூடி, முகவாயை அவர் பாதத்தின்மேல் வைத்துக்கொள்வான். என் வாசல், என் நாய், என் புடவை. நான் மட்டும் விருந்தாளி மாதிரி பக்கத்தில் நிற்பேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள், “இனிமே நானே பாத்துக்கறேன் ஏழுமலை. உங்க வேலை கெடுது” என்றேன். “வேல இன்னா ஓடியா பூடும்?” என்றார். “இல்ல, வேண்டாம்” என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “செரி மா” என்று துணியைத் தட்டி மடித்துக் கொடுத்தார்.

இப்போது எழுதப்போவது இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ராமுவின் காலைச் சுட்டது நான்.

வீட்டு மின்சாரப் பெட்டியில் துணியைச் சூடாக்கினேன். கையில் வைத்துப் பார்த்தேன், இதமாகத்தான் இருந்தது. நாற்பது வருஷமாக அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறும் கையால் இறக்கிய கை அது. காப்பி டவரா கொதித்தாலும் அதற்குத் தெரியாது. கழுத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அவர் செய்தபடி செய்ய எனக்கு மனசில்லை. முடி மழித்த தோலில், தையலுக்குப் பக்கத்தில் துணியை அழுத்தி வைத்தேன். ராமு ஒரே ஒரு கத்தல் கத்தினான். கடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையை நக்கினான். கடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அந்த இடம் கொப்புளித்துத் தையல் பிரிந்தது. மேல்வீட்டு வைதேகி மாமிதான் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, “ஒத்தடம் யாரு குடுக்கறாங்க?” என்று கேட்டார். மாமி பக்கத்தில் நின்றார். நான், “எதிரே இஸ்திரி போடறவர்தான் குடுப்பார்” என்றேன். ஒவ்வொரு வரியும் சரி, விடை மட்டும் தப்பு. என் மாணவிகள் அப்படி எழுதினால் சுழித்துச் சுழித்துச் சிவப்பு மை தீரும். மாமி பதறிப்போய், “அவன்கிட்ட விட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஆத்துல உக்காந்துண்டிருந்தேளா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராமுவுக்கு மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம்.

அதற்குள் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. மாமியைக் குறை சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொன்னார். நாயைச் சுட்டவன் பட்டுப்புடவையை என்ன செய்வான் என்று பேசினீர்கள். வண்டியில் துணி மூட்டை பாதியானது. நான் ராமுவோடு காரிலிருந்து இறங்கிய அன்று, சட்டை வாங்க வந்த ஒருவர், “என்னப்பா, டீச்சர் வீட்டு நாயைப் பொசுக்கிட்டியாமே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் ஒத்தடம் கொடுத்த அந்த மூன்று நாளும் அவர் ராமுவைத் தொடவே இல்லை. அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் குனிந்து ராமுவின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தேன். அவர், “ஆமா சார். பெட்டி சூடு, கை தப்பிடுச்சி” என்று சொல்லிவிட்டு ராமுவிடம் குனிந்து, “நைனா, வலிக்குதா?” என்று கேட்டார். அவன் வால் அப்படி ஆடியது. இவ்வளவுக்கும் நடுவில் அந்த வால் ஆடியதுதான் எனக்கு எரிந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து ஒத்தடத்துக்கு ராமுவை அவரிடமே கொண்டுபோனேன். நாய் மறுபடி அங்கே நிற்பதைப் பார்த்துத் துணிகளும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. ஆனால் ‘ஒரு தடவை நாயைச் சுட்டாரே’ என்ற பேர் அவரை விடவில்லை.

பன்னிரண்டரை வயதில் ராமுவுக்கு மண்ணீரலில் கட்டி வந்தது. எடுத்தால் ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போகலாம், எடுக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வெடிக்கலாம் என்றார் டாக்டர். என்னால் முடிவெடுக்க முடியவில்லை. வண்டிக்குப் போய், “நீங்க சொல்லுங்க” என்றேன். ஏழுமலை பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “நான் இன்னா மா சொல்றது? உன் நாயி.” இந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்கப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். கேட்டதும் அழுகைதான் வந்தது. “எடுத்துடலாம்” என்றேன். அவர் வண்டியைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார். வழி முழுக்க ராமுவின் தலை அவர் மடியில்; எனக்கு வால் பக்கம்.

உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கேட்டேன். “அன்னிக்கு ஏன் நீங்கன்னு சொன்னீங்க?”

“இன்னா மா, மூணு வருசங் கயிச்சி கேக்கற?” என்று சிரித்தார். “தெருவுல நாலு பேரு பேசினா நான் சாய்ங்காலம் பஸ் ஏறிப் பூடுவேன். நீ அங்கியேதான மா இருக்கணும்? எங்க போவ?”

“எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்” என்றேன்.

“உடு மா. ஆறுன புண்ண இன்னாத்துக்கு நோண்டற?”

அவரே சொல்லிவிட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். உள்ளூரச் சந்தோஷமாகவே விட்டேன். ராமு பிழைத்து வந்தான். கண் திறந்ததும் யாரை முதலில் தேடினான் என்பதை நான் எழுதப் போவதில்லை.

செய்தி வந்த அன்று மதியம் பெரும்பாக்கம் போனேன். லிஃப்ட் வேலை செய்தது. அவர் மனைவி காந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதான் நாய்க்கார டீச்சரம்மாவா?” என்றார். அழுதுகொண்டே திட்டினார்: “நான் ஒரு வாரம் இடுப்பு புடிச்சிகினு கெடந்தேன். ஒரு ஒத்தடம் குடுத்திருப்பாரா எனக்கு? உன் நாய்க்கு மட்டும் ஓடி ஓடி குடுத்துகினு கெடந்தாரு. வவுறு எரியும் மா எனக்கு.” எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போனது. இந்த ஊரில் இன்னொருத்திக்கும் வயிறு எரிந்திருக்கிறது.

பிறகு காந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஒரு தபா நாய சுட்டுட்டேன்னு என்னாண்ட சொன்னாரு. நான் நம்பல மா. முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்தவ நான். அவரு கை தப்பாது.” வீட்டில்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே, ஏழுமலையின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, “அவர் சுடல. நான்தான்” என்றேன்.

காந்தா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவர் முகத்தைப் பார்த்து, “நான் சொல்லல?” என்றார். அந்தச் சாவிலும் காந்தாவின் தலை ஒரு கணம் நிமிர்ந்தது. என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பாமல் இருக்க எனக்கு ஒருவர் இல்லை. பன்னிரண்டு வருஷப் பொறாமையும் அன்றைக்கு அந்த அம்மாவின்மேல் போய் உட்கார்ந்தது.

ஏழுமலைக்குக் கொடுக்காமல் நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். ராமுவின் வலது பின்னங்கால் முட்டியருகே முடி முளைக்காத ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொருவரும், பாவம், இஸ்திரிக்காரர் கை தப்பிவிட்டது என்கிறீர்கள். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். ராமுவின் காது, வால், ஓட்டம் எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், போகட்டும். அந்த வட்டம் மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது.