காற்றில் முளைத்த வேர்

கிளைக்குக் காற்றிலேயே வேர் வரும் என்று அப்பா சொன்னபோது அம்மா சிரிக்கக்கூட இல்லை. நான் நம்பினேன். எனக்கு எட்டு வயது; அப்பா சொன்னால் கங்காருவும் பறக்கும்.

நாங்கள் குடியிருந்த மல்கிரேவில், பக்கத்து வீட்டு வளவில் ஒரு ஜப்பானிய மேப்பிள் நின்றது. இலையுதிர் காலத்தில் வேலிக்கு மேலால் தீப்பிடித்ததுபோல் சிவக்கும். அந்த வீட்டை வாங்கியவர்கள் கோடை முடிய வீட்டை இடித்து மரத்தையும் தறிக்கப் போவதாகச் சொன்னார்கள். அப்பா கேட்டதும், வேண்டிய கொப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வருஷம் அப்பா பகலிலும் வீட்டில்தான் இருந்தார். அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்து அவரையும் நிறுத்திவிட்டார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவருக்கு நீண்ட விடுமுறை என்று வகுப்பில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஏணியில் ஏறி, எங்கள் பக்கம் நீட்டிய கொப்பொன்றில் மோதிரம்போல் பட்டையைச் சுற்றிச் சீவியெடுத்தார். உள்ளே ஈரமாய் வெள்ளை மரம் தெரிந்தது.

"அப்பா, அதுக்கு நோகாதோ?"

"நோகும். ஆனா சாகாது."

ஊறவைத்த பாசியை அதன்மேல் அப்பி, பொலித்தீனால் சுற்றி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளால் மூடிக் கட்டினார். குசினியில் சமையலுக்கிருந்த தாள் முழுவதும் முடிந்தது. வேலைக்குப் புறப்பட்ட அம்மா, "இன்ரவியூவுக்குப் போற மனுசன் ஏணியில நிக்கிறார்" என்றார். அப்பா இறங்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த நாட்களில் கழுத்து ரையைக் கழற்றாமலே வேலியடிக்குப் போவார். பாசி காயாமல் தண்ணீர் விடுவார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு பின்னேரம் தாளைப் பிரித்து, என்னையும் ஏணியில் ஏற்றிக் காட்டினார். பொலித்தீனுக்குள்ளே வெள்ளை வெள்ளையாய் வேர்கள். மண்ணையே காணாத வேர்கள், நிலத்திலிருந்து அவ்வளவு உயரத்தில். மூச்சு விடவே பயமாயிருந்தது. கோயிலில் திரை விலகும்போது பெரியவர்கள் ஏன் சட்டென்று கையெடுக்கிறார்கள் என்பது அன்றுதான் பிடிபட்டது.

"இஞ்ச ஓடி வாரும்! வேர் விட்டிட்டுது!" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கனநேரம் அண்ணாந்து பார்த்தார். அப்பா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அம்மா அவருடைய தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

"சரிவரும். எல்லாம் சரிவரும்."

பிறகு கொப்பை வெட்டி, மண் நிரப்பிய சாடியில் வைத்தோம். குளிர்காலத்துக்குள் அப்பாவுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் அன்று அம்மா சொன்னது எனக்கு விளங்கவேயில்லை. இவ்வளவு வேர் விட்ட பிறகு இன்னும் என்னதான் சரிவர இருக்கிறது?